வெயிலுக்கு வரி போட்டவர்கள்



ஓர் எளிய சோதனையுடன் தொடங்குவோம். வாயகன்ற தட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் விட்டம் 20 செ.மீ. இருக்கட்டும். அதில் 200 மில்லிலிட்டர் கடல் நீரை ஊற்றி மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். நல்ல கோடையாக இருந்தால் இரண்டு நாட்களில் நீர் மறைந்துவிடும். தட்டில் வெள்ளை நிறத்தில் படிந்திருப்பது உப்பு. சுரண்டி நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். ஒரு தேக்கரண்டி அளவு!

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கிறீர்களா? நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே சோதனையை இதே இடத்தில் செய்திருந்தால் நீங்கள் குற்றவாளி. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டம் அப்படித்தான் சொல்லிற்று. அரசின் அனுமதியின்றி யாரும் உப்புக் காய்ச்சக் கூடாது. கடல் நீரிலிருந்தும் கூடாது; உவர் மண்ணிலிருந்தும் கூடாது. சமையலுக்கு ஒரு கைப்பிடி உப்பு என்றாலும் வரி கட்டிய உப்பைத்தான் வாங்க வேண்டும்.

கல்லூரியில் 'உள்ளுறை வெப்பம்' பாடம் நடத்தும்போது இதை நான் சொல்வதுண்டு. ஒருமுறை பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கடல் அவர்களுடையதில்லை, வெயிலும் அவர்களுடையதில்லை. பிறகு எதற்கு வரி?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதற்கு விடை தேட நமக்கு இயற்பியலும் வேண்டும், வரலாறும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கடலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கிலோகிராம் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 'உப்புகள்' என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். நாம் உண்ணும் சோடியம் குளோரைடு அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அதாவது 27 கிராம் அளவு. மீதியில் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட்டு, கால்சியம் சல்பேட்டு முதலியவை அடக்கம்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. கரைதிறன் குறைந்தது முதலில் படியும். மிகுந்தது கடைசியில் படியும். நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட்டு கீழே இறங்கும். அடுத்து ஜிப்சம். கடல் நீர் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்கும். அதற்குப் பின்னும் வற்றவிட்டால் கசப்பான மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பைக் கெடுத்துவிடும். (ஆகவே, நீங்கள் தட்டில் எடுத்த உப்பை வாயில் வைக்க வேண்டாம். அதில் எல்லாமே கலந்திருக்கும்.)

உப்பளத்தில் ஒரே பாத்தியில் உப்பு எடுக்காமல் பாத்தி பாத்தியாக நீரை மாற்றுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? முதல் பாத்திகளில் ஜிப்சத்தைத் தங்கவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பை விளையவிட்டு, எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். எப்போது மாற்றுவது என்பதை அறிய நீர்மானியை மிதக்க விடுவார்கள். கடல் நீர் அதில் 3 அல்லது 3½ பாகை போமே காட்டும். உப்பு விளையத் தொடங்கும்போது 25 பாகை காட்டும். கருவி வருவதற்கு முன்பே நீரின் நிறத்தையும் தடிப்பையும் கண்டு இதைக் கணித்தவர்கள் நம் உப்பளத் தொழிலாளர்கள்.

கதிரவன் செய்யும் வேலை எவ்வளவு?

ஒரு கிலோ உப்புக்கு எவ்வளவு கடல் நீர் வேண்டும்? ஒரு லிட்டரில் 27 கிராம் என்றால், 1000ஐ 27ஆல் வகுக்க 37 லிட்டர். இந்த நீர் முழுவதையும் ஆவியாக்க வேண்டும்.

அடுப்பில் காய்ச்சுவதாக வைத்துக் கொள்வோம். 30 பாகை வெப்பநிலையில் உள்ள ஒரு கிராம் நீரை 100 பாகைக்கு உயர்த்த 70 கலோரி. பிறகு அதை நீராவியாக்க 540 கலோரி. மொத்தம் 610 கலோரி. அப்படியானால் 37 லிட்டருக்கு ஏறத்தாழ 22,000 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும் எனக் கொண்டால், 5½ கிலோ விறகு போதும் என்று தோன்றும். ஆனால் திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் பானைக்குச் சேர்ந்தாலே பெரிது. ஆக, ஒரு கிலோ உப்புக்கு 27 கிலோவுக்கு மேல் விறகு எரிக்க வேண்டும்!

வெயில் இதைக் காசில்லாமல் செய்கிறது. நம் கடற்கரையில் கோடை நாளொன்றில் 5 மில்லிமீட்டர் ஆழ நீர் ஆவியாகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது 5 லிட்டர். 37 லிட்டர் வற்ற எட்டு நாள். உவர்ப்பு மிகும்போது நீரின் ஆவியழுத்தம் குறைவதால் வேகமும் குறையும். இன்னும் சில நாள் கூடும். அவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்து படிக்கும் பாய் அளவு நிலம், சில நாள் வெயில், காய்ந்த காற்று. ஒரு கிலோ உப்பு தயார்.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பொருளுக்கு வரி போடுவது எப்படி? மக்கள் தாமே எடுத்துக் கொள்வதைத் தடுத்தால்தான் முடியும். ஆங்கிலேய ஆட்சியின் உப்புக் கொள்கை முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

வங்காளத்தில் தொடக்கம்

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உப்புக்கு வரி போட்டவர்களில் ஆங்கிலேயர் முதலானவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்பிருந்த அரசர்களும் உப்புக்குச் சுங்கம் வாங்கினர். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி செய்தது வேறு. உப்பு உற்பத்தியையே தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. வங்காளத்தில் 1772ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் உப்பைக் கம்பெனியின் கைக்குள் கொண்டு வந்தார். சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டில் அதே ஏற்பாடு வந்தது. கடற்கரையில் உப்பு விளைவிப்பவன் அதை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். அரசு சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அரசு அதன்மேல் பல மடங்கு ஏற்றி விற்றது.

வங்காளத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கங்கையின் நன்னீர் கலப்பதால் அங்கே கடல் நீரின் உவர்ப்புக் குறைவு. காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் துணி எவ்வளவு மெதுவாக உலரும் என்பது மழைக்காலத்தில் உங்களுக்குத் தெரியும். பாத்தி நீரும் அப்படித்தான். ஆகவே 'மலங்கிகள்' எனப்பட்ட அங்குள்ள உப்புத் தொழிலாளர்கள் உவர் மண்ணை நீரில் கரைத்து வடித்து, செறிவான கரைசலாக்கி, விறகும் புல்லும் எரித்துக் காய்ச்சினார்கள். செறிவாக்கிக் கொண்டதால் விறகு குறைந்தது என்றாலும் செலவு செலவுதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் தரைக்கடியில் கிடைத்த உப்பு லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்து கொண்டிருந்தது. அது கல்கத்தாவுக்கு எப்படி வந்தது தெரியுமா? இதிலும் ஓர் இயற்பியல் உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற சரக்குகள் பெரும்பாலும் இடத்தை அடைக்கும் மூலப் பொருள்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவை எடையும் இடமும் குறைந்த செய்பொருள்கள். காலியான கப்பல் கடலில் நிலையாக மிதக்காது. அதன் ஈர்ப்பு மையம் மேலே இருந்தால் அலையில் கவிழும். ஆகவே அடித்தட்டில் ஏதாவது பாரம் ஏற்றியே தீர வேண்டும். மணலை ஏற்றுவதற்குப் பதில் உப்பை ஏற்றினால், அந்தப் பாரத்தையே கல்கத்தாவில் இறக்கி விற்கலாம் அல்லவா? இப்படி மிகக் குறைந்த கப்பல் கூலியில் வந்தது லிவர்பூல் உப்பு. உள்ளூர் உப்புக்கோ வரியும் ஏகபோகமும் சேர்ந்து விலை ஏறியிருந்தது. 1863ஆம் ஆண்டோடு வங்காளத்தில் அரசின் உப்பு உற்பத்தி நின்றது. நீண்ட கடற்கரை கொண்ட ஒரு நாட்டின் மக்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த உப்பை உண்டனர். மலங்கிகளின் தொழில் மறைந்தது.

ஒரு முள்வேலியின் கதை

வடநாட்டில் வேறொரு சிக்கல். இராஜபுதனத்தில் சாம்பர் ஏரி போன்ற இடங்களில் உப்பு ஏராளம். அவை சுதேச மன்னர்களின் பகுதிகள். அங்கே விலை மலிவு. எல்லை தாண்டி ஆங்கிலேயர் பகுதிக்குள் கொண்டு வந்தால் நல்ல லாபம். மலிவான இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குப் பொருள் பாய்வது, உயரத்திலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதைப் போன்றது. அதைத் தடுக்க வேண்டுமானால் அணை கட்ட வேண்டும்.

உண்மையிலேயே கட்டினார்கள்! சிந்து நதிக் கரையிலிருந்து மகாநதி வரை, நாட்டின் குறுக்கே, சுங்கக் காவற்கோடு ஒன்று அமைக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டில் அதன் நீளம் 2,300 மைல். ஏறத்தாழ 12,000 பேர் இரவும் பகலும் அதைக் காத்தனர். அதன் பெரும் பகுதியில் முள்வேலி போட்டார்கள். சில இடங்களில் வெட்டிப் போட்ட முள். சில இடங்களில் உயிருள்ள செடிகள். இலந்தை, களா, வேல மரங்கள், சப்பாத்திக் கள்ளி ஆகியவற்றை அடர்த்தியாக நட்டு வளர்த்தனர். நன்கு வளர்ந்த இடங்களில் 10 முதல் 14 அடி உயரம்; 6 முதல் 12 அடி தடிப்பு. பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்குவதில் முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம், சில ஆண்டுகள் இந்தக் காவற்கோட்டின் ஆணையராக இருந்து வேலியை வளர்த்தவர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கன்றை மேய்க்க அந்தப் பக்கம் போக வேண்டிய சிறுவனை நினைத்துப் பாருங்கள். உறவினர் வீட்டுக்குப் போகும் கிழவியை நினைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட வாயில்களில் மட்டுமே கடக்கலாம். மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். வேலிக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே மண், ஒரே மொழி. நடுவில் உப்பு!

1870ஆம் ஆண்டில் சாம்பர் ஏரியை ஆங்கில அரசு குத்தகைக்கு எடுத்தது. உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்க வழி பிறந்துவிட்டது. பிறகு அணை எதற்கு? 1879ஆம் ஆண்டில் காவற்கோடு கைவிடப்பட்டது. வேலி மறைந்தது, வரி மறையவில்லை. 1990களில் ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் பழைய நிலப்படங்களுடன் பல முறை இந்தியா வந்து தேடி அலைந்து, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் வேலியின் ஒரு சிறு மிச்சத்தைக் கண்டார். அவ்வளவு பெரிய வேலியை நாம் அடியோடு மறந்திருந்தோம்.

பஞ்சத்தில் ஒரு கணக்கு

'உப்பு வரி சிறிய வரிதானே, எல்லாருக்கும் பொதுவாகச் சிறிது சிறிதாகப் போய்விடும்' என்று அக்கால அதிகாரிகள் சொல்வதுண்டு. இதைக் கணக்குப் போட்டே சோதிப்போம்.

1877ஆம் ஆண்டின் தொடக்கம். தென்னிந்தியாவில் கொடிய பஞ்சம். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்த ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணா காசும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அப்போது சென்னையில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணா, அதாவது 29 அணா. மணங்கு என்பது இங்கே 82 ராத்தல், 37.3 கிலோ. 29ஐ 37.3ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ முக்கால் அணா. நாள் முழுதும் கல்லுடைத்துப் பெற்ற காசில் முக்கால் பங்கு, ஒரு கிலோ உப்பின் வரிக்கே சரி. உப்பின் விலை இதில் சேரவில்லை. அந்தப் பஞ்சம் முடியுமுன்பே சென்னையிலும் பம்பாயிலும் வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. இதையும் வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்கு ஓர் அணாவுக்கு மேல்!

செல்வர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஆளுக்கு ஏறத்தாழ ஒரே அளவு உப்புத்தான் செலவாகும். ஏன், வெயிலில் உழைப்பவனுக்குக் கூடுதலாகவே வேண்டும். நம் இரத்தத்தின் உப்புத்தன்மை நூற்றுக்கு 0.9 என்ற அளவில் நிலையாக இருக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உப்பு மிகக் குறைந்தால் தசைப் பிடிப்பு, மயக்கம், முடிவில் உயிருக்கே ஆபத்து. இன்று மருத்துவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. நாம் உண்ணும் பொட்டலத் தீனிகளில் உப்பு மிகுந்துவிட்டதே இதற்குக் காரணம். வெறும் கஞ்சி குடித்து வயலில் வேகும் உழவனுக்கு நிலைமை வேறு. அவனுக்குக் கஞ்சியில் போட்ட உப்பு மட்டுமே உப்பு.

வரி என்பது எவனிடம் குறைவாக இருக்கிறதோ அவனை அதிகம் அழுத்தினால், அது எண்ணில் சிறியதாக இருந்தாலும் எடையில் பெரியது.

தண்டியும் வேதாரண்யமும்

1930ஆம் ஆண்டில் வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. கிலோவுக்கு அரையணாவுக்குச் சற்று மேல். காந்தியடிகள் நாட்டு விடுதலைப் போருக்கு இந்த அரையணாவைத் தேர்ந்தெடுத்தபோது அவரது நண்பர்கள் சிலரே வியந்தனர். ஆனால் அவருக்குத் தெரியும்: சட்டப் புத்தகம் படிக்காதவனுக்கும் உப்பு புரியும்.

மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அது காய்ச்சிய உப்பன்று. கடல் நீர் தேங்கி வெயிலில் தானாக விளைந்த உப்பு. அப்படி விளைவதையும் மண்ணோடு கலந்து அழிப்பது உப்புத் துறைக் காவலர்களின் வேலைகளுள் ஒன்று என்றால் நம்புவீர்களா? வெயில் ஓயாது செய்வதை, ஆட்கள் ஓயாது அழித்துக் கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டார். செல்லுமிடம் வேதாரண்யம், 150 மைல். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தந்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழியிலிருந்த மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு மறைந்து கொண்டார்கள். மரம் உணவு தந்தால் எந்த மரத்தைச் சிறையில் போடுவது? ஏப்ரல் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார். அகத்தியம்பள்ளியில் இன்றும் அதன் நினைவுத் தூண் நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்பாட்டில், உப்பு விளையும் ஊர்களின் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு எடுத்துக் கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. வரி முழுவதும் ஒழிந்தது விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1947ஆம் ஆண்டில்தான்.

பின் வரிசை மாணவனுக்கு விடை

"வெயில் அவர்களுடையதில்லையே" என்று கேட்டானல்லவா? நான் சொன்ன விடை இது: அவர்கள் வரி போட்டது வெயிலுக்கில்லை. வெயிலை நீ பயன்படுத்தாமல் இருப்பதற்கு. உனக்குத் தெரிந்த அறிவை நீ மறந்துவிட வேண்டும் என்பதற்கு. அயல் ஆட்சி நம் பொருளை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. செய்யத் தெரிந்தவனைச் செய்யக் கூடாதவனாக ஆக்கிற்று. மலங்கியின் கைத்திறன் போனது அப்படித்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத் தொழிலாளர்கள் இன்றும் உவர் நீரில் கால் புண்ணாகி, வெண்மையின் கூச்சத்தில் கண் சுருங்கி உழைக்கிறார்கள். வரி போய்விட்டது. அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு வந்துவிட்டதா? விடையை நீங்கள் பெரியவர்களிடமும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவு உப்பு நீரை வாயகன்ற தட்டு, ஆழமான குவளை இரண்டிலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். எது முதலில் வற்றுகிறது? உப்பளப் பாத்திகள் ஆழமில்லாமல் இருப்பது ஏன்?

2. இரண்டு தட்டுகளில் ஒன்றில் நன்னீரும் மற்றொன்றில் செறிந்த உப்பு நீரும் சம அளவில் வையுங்கள். எது மெதுவாக ஆவியாகிறது? காரணம் இக்கட்டுரையிலேயே உள்ளது.

3. உங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு செலவாகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். ஓர் ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். 1877ஆம் ஆண்டின் ஓர் அணாக் கூலிக்காரனாக நீங்கள் இருந்தால், அந்த உப்பின் வரியைக் கட்ட எத்தனை நாள் கல்லுடைக்க வேண்டும்?